முதலாளி டைப் பண்ற ஃபார்முலாவை இவால்ல போட்டு ஓட்டலாமா?

பர்மாவுல மோல்மேன்ல இருந்து தம்பி கேட்டிருக்கிறது சுருக்கமா இதுதான். ஒரு பயறு மண்டிக்கு பைத்தான்ல கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்காரு. தரகு, ஈரக் கழிவு, சாக்கு எடை, ஏத்து கூலி எல்லாத்தையும் முதலாளி வாரத்துக்கு ஒருதரம் மாத்துறாரு, ஒவ்வொரு தடவையும் கோடைத் திறந்து மாத்திக்கிட்டு இருக்க முடியாதுன்னு ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வச்சு அதுலயே ஃபார்முலாவை டைப் பண்ண விட்டு, அதை அப்படியே பைத்தானோட இவால்ல (எழுத்தா வந்ததைக் கோடாவே எடுத்து ஓட்டுற ஃபங்ஷன்) போட்டு விடை எடுக்கிறாரு. இவால் ஆபத்துன்னு யாரோ சொன்னதும் பில்ட்இன்ஸை, அதாவது பைத்தானோட கூடவே வர்ற ஃபங்ஷன்களை, இவாலுக்குக் கிடைக்காம காலி பண்ணிட்டாராம். இப்ப பத்திரமா, இல்ல வேற லைப்ரரி போடணுமா, போடுறதுன்னா எதுன்னு கேக்குறாரு. லைப்ரரி பேரு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம் தம்பி, ஆனா நீங்க உண்மையில கேக்குறது வேற: புரோகிராமர் இல்லாத ஒருத்தர் எழுதுற கணக்கை நம்ம புரோகிராமுக்குள்ள எந்த அளவுக்கு நம்பி ஓட விடலாம்? அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். நான் ரங்கூன்ல 17 வருஷமா பயறு, அரிசி வியாபாரிகளுக்கு, பெரும்பாலும் பயின்னவுங் சந்தைப் பக்கம் இருக்கிற கிட்டங்கிகளுக்கு, இதே மாதிரி சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டு இருக்கேன், உங்க நிலைமையில நானும் இருந்திருக்கேன்.

முதல்ல நேரான பதில். பில்ட்இன்ஸை காலி பண்றது பத்தாது, இதுல சந்தேகமே கிடையாது. பைத்தான்ல எந்த மதிப்பை எடுத்தாலும் அது எந்த கிளாஸ்னு அதுக்கிட்டயே கேக்கலாம், அந்த கிளாஸோட தாய் கிளாஸ் எதுன்னு கேக்கலாம், அப்படியே மேல ஏறினா ஆப்ஜெக்ட்டுங்கிற மூல கிளாஸ்ல போய் நிக்கும், அங்க இருந்து அதோட பிள்ளைங்க எல்லாம் யாருன்னு கேட்டா அந்த நேரத்துல மெமரியில இருக்கிற நூத்துக்கணக்கான கிளாஸும் வரிசையா வந்துடும், அதுல ஃபைலைத் திறக்கவோ சிஸ்டம் கமாண்டை ஓட்டவோ வழி இருக்கிற ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இதுக்கு ஒரு பில்ட்இன் கூட தேவையில்ல, வெறும் ஒரு ஜோடி அடைப்புக்குறி போதும், ஏன்னா அதுவே காலி டியூப்பிள்தானே. புள்ளி வச்சு உள்ள போற வழி இருக்கிற வரைக்கும் நீங்க எதை எடுத்து ஒளிச்சு வச்சாலும் சுத்திக்கிட்டு அங்க போயிடலாம்.

"எங்க மண்டியில முதலாளியும் ரெண்டு கணக்குப்பிள்ளைங்களும்தான் டைப் பண்றாங்க, யாரு வந்து ஹேக் பண்ணப் போறா"ன்னு நீங்க எழுதியிருக்கிறது புரியுது, நானும் அப்படித்தான் நினைச்சேன். எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு கிட்டங்கியில உளுந்து பில்லு, விலை தர எடைன்னு ஃபார்முலா, கணக்குப்பிள்ளை டைப் பண்ணும்போது கீபோர்டுல பெருக்கல் குறி ரெண்டு தடவை விழுந்துடுச்சு. பைத்தான்ல ரெண்டு நட்சத்திரம்னா அடுக்கு. கியாட்ல (பர்மியப் பணம்) விலை 1250000, எடை 185000, ஆக 1250000ஐ 185000 தடவை பெருக்கச் சொல்லியாச்சு. அந்த விடைக்கு பதினோரு லட்சத்துக்கு மேல இலக்கம். பைத்தானோட முழு எண்ணுக்கு எல்லை கிடையாது, அது பாட்டுக்கு மெமரி இருக்கிற வரைக்கும் உட்கார்ந்து பெருக்கும், அதுக்கப்புறம் அதை எழுத்தா மாத்தி ஸ்கிரீனுக்கு அனுப்பப் பாக்கும். ஒரே பிராசஸ்ல ஓடின சர்வர் அப்படியே நின்னு போச்சு, வெளியில லாரி நிக்குது, எடை போட்ட மூட்டை நிக்குது, நாலு கம்ப்யூட்டர்லயும் பில் வரல. யாரும் திருட வரல, ஒரு நட்சத்திரம் கூடுதலா விழுந்தது அவ்வளவுதான். 2022 செப்டம்பர்ல இருந்து வந்த பைத்தான் வெர்ஷன்கள்ல 4300 இலக்கத்துக்கு மேல இருக்கிற எண்ணை எழுத்தா மாத்த விடாம எரர் காட்டுற மாதிரி வச்சிருக்காங்க, ஆனா அந்தப் பெருக்கலை அது தடுக்காது. 9 அடுக்கு 9 அடுக்கு 9னு ஏழே எழுத்துல ஒருத்தர் எழுதினா விடைக்கு 36 கோடியே 96 லட்சம் இலக்கம் வரும், உங்க சர்வர் அதைக் கணக்குப் பண்ண முழு மனசோட உட்கார்ந்துடும்.

இன்னொரு விஷயம், ஃபார்முலா எப்பவும் கையால டைப் பண்ணித்தான் வரும்னு இல்ல. நம்ம ஊர்ல எல்லாம் வைபர்லதான் நடக்குது, ஒரு தரகர் எக்செல் ஃபைல் அனுப்புவாரு, அதை இம்போர்ட் பண்ற வசதி வேணும்னு முதலாளி அடுத்த மாசமே கேப்பாரு, அப்ப ஃபார்முலா எழுதினது உங்க ஆளு இல்ல.

பெரிய மொழியை உள்ள விட்டுட்டு சுத்தி வேலி போடுற வேலையை உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் செஞ்சு பாத்துட்டாங்க. 2017ல அமெரிக்காவுல ஆளுங்களோட கடன் விவரம் வச்சிருக்கிற ஈக்விஃபாக்ஸ் கம்பெனியில இருந்து 14 கோடிக்கு மேல ஆளுங்களோட விவரம் திருடு போச்சே, அது ஜாவாவுல வெப்சைட் எழுதுறதுக்கான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ல இருந்த ஓட்டை. வெளியில இருந்து வந்த ரிக்வெஸ்டோட கன்டென்ட் டைப் ஹெடர் தப்பா இருந்தா எரர் மெசேஜ்ல அதையும் சேர்த்துக் காட்டுவாங்க, அந்த எரர் மெசேஜை ஓஜிஎன்எல்னு ஒரு எக்ஸ்பிரஷன் மொழி எடுத்து ஓட்டிப் பாத்துச்சு, அதுல கமாண்டு எழுதி அனுப்பினவங்களுக்கு சர்வரே கைக்கு வந்துடுச்சு. ஆங்குலர்ஜேஎஸ்காரங்க டெம்ப்ளேட்ல எழுதுற எக்ஸ்பிரஷனுக்கு ஒரு சாண்ட்பாக்ஸ், அதாவது வெளியில போக விடாத வேலி, வச்சிருந்தாங்க, ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் யாராவது புது வழி கண்டுபிடிச்சாங்க, கடைசியில 2016ல 1.6 வெர்ஷன்ல "இது பாதுகாப்புன்னு யாரும் நம்ப வேணாம்"னு அதையே எடுத்துட்டாங்க. நோட்ஜேஎஸ்ல கோடைத் தனியா ஓட்டுறதுக்கு இருக்கிற விஎம் மாட்யூலோட டாக்குமெண்ட்லயே இது பாதுகாப்புக்கு இல்லன்னு எழுதி வச்சிருக்கு, அதைச் சரி பண்றேன்னு வந்த விஎம்2 லைப்ரரியை 2023ல அதை எழுதினவரே, அடைக்க அடைக்க ஓட்டை வருதுன்னு நிறுத்தினாரு. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லல. அந்த ஆளுங்களுக்கு முழு நேர வேலையே அதுதான், அவங்களாலயே முடியாத ஒரு வேலையை நீங்களும் நானும் பில்லிங் சாஃப்ட்வேருக்கு நடுவுல செய்ய முடியாது.

அதனால நான் செய்யிறது இதுக்கு நேர் எதிரான பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறது. உள்ள ஒண்ணுமே இல்லாத ஒரு சின்ன மொழி, அதுல கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி, ஒப்பீடு, நீங்க கொடுத்த பேருங்க, நீங்க கொடுத்த அஞ்சாறு ஃபங்ஷன். புள்ளி கிடையாது, சதுர அடைப்பு கிடையாது, லூப் கிடையாது, புதுசா பேரு வைக்கிறது கிடையாது. அந்த மொழியில "ஃபைலைத் திற"ங்கிறதைச் சொல்ல வார்த்தையே இல்லாததால அதைத் தடுக்கவும் வேண்டியதில்ல. மண்டிக்கு இதுக்கு மேல தேவைப்பட்டு நான் பாத்ததில்ல.

பைத்தான்ல இதுக்கு குறுக்கு வழி ஒண்ணு நல்லா இருக்கு. பைத்தானோட கூடவே வர்ற ஏஎஸ்டி மாட்யூல்ல ஃபார்முலாவை இவால் மோடுல பார்ஸ் மட்டும் பண்ணுங்க, அது எதையும் ஓட்டாது, மரமா பிரிச்சுக் கொடுக்கும். அந்த மரத்துல நீங்களே இறங்கி ஒவ்வொரு கிளையா பாருங்க: எண்ணா, சரி, பேரா, நம்ம பட்டியல்ல இருந்தா சரி, ரெண்டுக்கு நடுவுல ஒரு கணக்குக் குறியா, நம்ம நாலுல ஒண்ணுன்னா சரி, ஒப்பீடா, சரி, ஃபங்ஷன் அழைப்பா, அழைக்கப்படுறது வெறும் பேரா இருந்து அது நம்ம பட்டியல்ல இருந்தா சரி, வேற எது வந்தாலும், அது என்னன்னு கூடப் பாக்காம, எரர். இந்தக் கடைசி வரிதான் உயிர். "இது இது வேணாம்"னு பட்டியல் போட்டீங்கன்னா நாளைக்குப் பைத்தான்ல புதுசா ஒண்ணு சேர்ந்தா அது உங்க பட்டியல்ல இருக்காது, "இது மட்டும்தான்"னு போட்டீங்கன்னா புதுசு எது வந்தாலும் தானா வெளியில நிக்கும். நூறு நூத்தி இருபது வரியில முடிஞ்சுடும். ஸ்டிரிங்கை உள்ள விடாதீங்க, எண் மட்டும் போதும், ஏன்னா ஒரு எழுத்தை நூறு கோடியால பெருக்கினா மெமரி போயிடும், பைத்தான் அதையும் செய்யும். லிட்டரல் இவால்னு அதே மாட்யூல்ல ஒண்ணு இருக்கே, அது போதாதான்னு கேப்பீங்க, அது எண்ணையும் லிஸ்ட்டையும் படிக்குமே தவிர 3 தர 4ஐ கணக்குப் பண்ணிக் கொடுக்காது.

எனக்கு அதை விடப் பிடிச்சது பார்சரையே, அதாவது ஃபார்முலாவைப் பிரிச்சுப் படிக்கிற பகுதியையே, நாம எழுதிடுறது. பயப்பட வேணாம், 1961ல டைக்ஸ்ட்ரா சொன்ன ஷன்டிங் யார்டு முறை இருக்கு, 1973ல பிராட் எழுதின முறை இருக்கு, ரெண்டுமே ஒரு சாயங்காலத்துல புரிஞ்சுடும். பிராட் முறை எனக்கு ரொம்ப இஷ்டம்: ஒவ்வொரு குறிக்கும் ஒரு பிடிமான எண், பெருக்கலுக்கு 20, கூட்டலுக்கு 10, தனக்கு வலப்பக்கம் இருக்கிறதுல தன்னை விடப் பலமாப் பிடிக்கிற குறி இருக்கிற வரைக்கும் அதுக்கு விட்டுக் கொடு, அவ்வளவுதான் விதி. கையால எழுதினா எரர் மெசேஜும் உங்க கையில, எண்ணை எப்படிப் படிக்கிறதுங்கிறதும் உங்க கையில, ரெண்டும் நம்ம வேலைக்கு ரொம்ப முக்கியம்.

மொழி சின்னதா இருந்தாலும் எல்லை வைக்கணும். ஃபார்முலா 500 எழுத்துக்கு மேல போனா படிக்கவே படிக்காதீங்க, பார்சருக்குள்ள போறதுக்கு முன்னாடியே. ஏன்னா அடைப்புக்குறியை ஆயிரக்கணக்குல உள்ளுக்குள்ள உள்ள அடுக்கினா பார்சரே மூச்சு முட்டிச் சாயும், பைத்தானோட ஏஎஸ்டி மாட்யூலுக்கும் அந்த எச்சரிக்கை அதோட டாக்குமெண்ட்லயே இருக்கு. ஆழம் 30 போதும். அடுக்குக் குறி மண்டிக்குத் தேவையே இல்ல, எடுத்துடுங்க. வட்டி கணக்குக்கு வேணும்னா தனி ஃபங்ஷனா கொடுத்து அடுக்கு 600ஐத் தாண்டக் கூடாதுன்னு வைங்க, மாசக் கணக்குல 50 வருஷம், அதுக்கு மேல கடன் கொடுக்கிற ஆளு கிடையாது. லூப்பும் இல்ல, தன்னைத்தானே கூப்பிடுறதும் இல்லாததால ஒரு ஃபார்முலா எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம்தான் ஓடும், டைம் அவுட் பத்தின கவலையே போயிடும்.

இப்ப பணம். இதுல பாதி பேரு பாதுகாப்பு, பாதுகாப்புன்னு பேசிட்டு கணக்கு தப்பா வர்றதை விட்டுடுறாங்க. ஃப்ளோட்ல (கம்ப்யூட்டர் பைனரியில வைக்கிற தசம எண்) 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004னு வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது எங்க கடிக்கும்னா சரியா பாதியில நிக்கிற பில்லை ரவுண்டு பண்ணும்போது. டெசிமல் டைப்புக்கு மாறிடுங்க, பைத்தான்ல அது 28 இலக்கம் வரைக்கும் வச்சுக்கும், நம்ம கியாட் லட்சக் கோடிக்குப் போனாலும் தாங்கும். மேல சொன்ன 9 அடுக்கு 9 அடுக்கு 9ஐ டெசிமல்ல கேட்டா உட்கார்ந்து பெருக்காது, ஓவர்ஃப்ளோன்னு உடனே எரர் கொடுத்துடும். ஏஎஸ்டி வழியா போறவங்க ஒண்ணு கவனிங்க, அது 0.1ஐ உங்க கிட்ட கொடுக்கும்போதே ஃப்ளோட்டா மாத்தித்தான் கொடுக்கும், அதை நேரா டெசிமலுக்குள்ள போட்டா பின்னாடி நீளமா குப்பை வரும், எழுத்தா மாத்திட்டு அப்புறம் போடுங்க. அடுத்தது ரவுண்டு. பைத்தானோட ரவுண்டு ஃபங்ஷன் 2.5ஐ 2னு சொல்லும், 3.5ஐ 4னு சொல்லும், பாதி வந்தா பக்கத்துல இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போகும். எக்செல் 2.5ஐ 3னு சொல்லும். முதலாளி எக்செல்ல போட்டுப் பாத்து "உன் மெஷின் ஒரு கியாட் குறைக்குது"ன்னு சொன்னா அவரு சொல்றது சரிதான், அவரோட உலகத்துல பாதின்னா மேல. நம்ம ஃபங்ஷன்ல பாதி மேலங்கிற முறையை வெளிப்படையா போட்டுடுங்க.

எக்செல் பேச்சு வந்ததால அதையும் சொல்லிடுறேன், ஏன்னா உங்க முதலாளிக்குத் தெரிஞ்ச ஃபார்முலா மொழி அது ஒண்ணுதான், நீங்க வைக்கிற மொழி அதுக்கு மாறா நடந்தா தப்பு உங்க மேல. பெரிய பொறி சதவீதக் குறி. அவரு 2%னு எழுதினா நூத்துக்கு ரெண்டு, பைத்தான்ல அதே குறி வகுத்தா மீதி எவ்வளவுன்னு கேக்குறது. "மதிப்பு % 2"னு ஒருத்தர் எழுதினா எரர் கூட வராது, மீதி 0 இல்லேன்னா 1னு வந்து தரகு ஒரு கியாட்டா நிக்கும், அமைதியா. நான் மீதி கணக்கையே எடுத்துட்டு, எண்ணுக்குப் பின்னால வந்தா மட்டும் சதவீதம், வேற எங்க வந்தாலும் எரர்னு வச்சிருக்கேன். சமக்குறி ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் ஒப்பீடுன்னே எடுத்துக்கிறேன். அடுக்குக் குறி வச்சுத்தான் ஆகணும்னா இதையும் தெரிஞ்சுக்குங்க: மைனஸ் 2க்கு வர்க்கம் போட்டா எக்செல்ல 4, பைத்தான்ல மைனஸ் 4. 2 அடுக்கு 3 அடுக்கு 2 போட்டா எக்செல்ல 64, பைத்தான்ல 512. அப்புறம் "இப்படின்னா அது, இல்லேன்னா இது"ங்கிற ஃபங்ஷனை சாதாரண ஃபங்ஷன் மாதிரி எழுதிடாதீங்க. எடை 0னா 0, இல்லேன்னா மதிப்பு வகுத்தல் எடைன்னு முதலாளி கவனமாத்தான் எழுதியிருப்பாரு, நீங்க ரெண்டு பக்கத்தையும் கணக்குப் பண்ணிட்டு அப்புறம் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா எடை 0 அன்னிக்கு வகுத்தல் எரர் வந்துடும். நிபந்தனையை முதல்ல பாத்து, தேவையான பக்கத்தை மட்டும் ஓட்டணும்.

இனி சொல்றது நம்ம ஆளுங்களுக்குன்னே உள்ள தொல்லை, இங்கிலீஷ்காரங்க எழுதின எந்தக் கட்டுரையிலயும் வராது. ஃபார்முலாவுல பேருங்களைத் தமிழ்லயே வச்சா கணக்குப்பிள்ளைக்கு அவ்வளவு சுலபம், "(ஈரம் - 12) * எடை / 100"னு அவரு நோட்டுல எழுதுற மாதிரியே எழுதிடுவாரு. ஆனா பைத்தானோட ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல வார்த்தை எழுத்துன்னு இருக்கிற அந்தக் குறி நம்ம உயிர்மெய்க் கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்தா ஏத்துக்காது, "விலை"யை "வ"ன்னும் "ல"ன்னும் ரெண்டு துண்டா வெட்டிக் கொடுக்கும். டோக்கனைஸரை (ஃபார்முலாவைச் சொல்லு சொல்லா வெட்டுற பகுதி) நீங்க எழுதினா, ஒரு சொல்லு பேரா இல்லையான்னு பாக்க ஸ்டிரிங்லயே இருக்கிற ஐடென்டிஃபையர் சோதனையை உபயோகிங்க, அது தமிழை ஒழுங்கா பாக்கும். இன்னொண்ணு, "கொள்முதல்"ல இருக்கிற "கொ"வை யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாவும் எழுதலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. பழைய ஃபான்ட்ல இருந்து கன்வர்ட் பண்ணின ஃபைல்ல ரெண்டாவது மாதிரி நிறைய வரும். உள்ள வர்ற ஃபார்முலாவையும் உங்க பட்டியல்ல இருக்கிற பேருங்களையும் ரெண்டையும் என்எஃப்சிங்கிற யூனிகோட் முறையில ஒரே மாதிரி ஆக்கிட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

பர்மிய எண் அதை விடப் பெருசு. இங்க பில்லு பர்மிய எண்ல போடுற ஆளு நிறைய, கீபோர்டு அந்த மொழியிலயே இருக்கும்போது ஃபார்முலாவுக்குள்ளயும் அதே எண் வந்து விழும். பைத்தானோட இன்ட் ஃபங்ஷன் பர்மிய எண்ணைப் படிச்சுடும், ஆனா பைத்தான் கோடா பார்ஸ் பண்ணினா ஏத்துக்காது, ஜாவாஸ்கிரிப்ட் எண்ணே இல்லன்னு சொல்லிடும், அதனால முதல்லயே பத்து எண்ணையும் மாத்தி எழுதிடுங்க. அதுக்கு அப்புறமும் ஒண்ணு மிச்சம் இருக்கு. ஒரு தடவை கிட்டங்கியில இருந்து போன், 100ன்னு போட்டிருக்கேன், தெரியாத பேருன்னு எரர் வருதுன்னு. போய்ப் பாக்குறேன், ஸ்கிரீன்ல சுத்தமா 100தான் இருக்கு, அழிச்சுட்டு அவரையே டைப் பண்ணச் சொன்னேன், திரும்பவும் அதே எரர். அவரு விரலைப் பாத்தப்புறம்தான் புரிஞ்சது, பூஜ்யத்துக்குப் பதிலா பர்மிய "வ" எழுத்தை அடிச்சிருக்காரு. ரெண்டுமே வெறும் வட்டம். கையெழுத்துல ரெண்டும் ஒண்ணுங்கிறதால அவருக்கு அது தப்பாவே தெரியல, வருஷக்கணக்கா அப்படித்தான் அடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. ஏழுக்கும் "ர" எழுத்துக்கும் இதே கதை. இப்ப என் டோக்கனைஸர்ல பர்மிய எண்ணுக்குப் பக்கத்துல ஒட்டி "வ" வந்தா தானா மாத்தாம "இங்க பூஜ்யம்னு நினைச்சு எழுத்து அடிச்சிருக்கீங்களா"ன்னு அந்த இடத்தைச் சிவப்புல காட்டிக் கேக்கும். பணக் கணக்குல மெஷினே ஊகம் பண்ணித் திருத்தக் கூடாதுங்கிறதுல நான் உறுதியா இருக்கேன், கேட்டுட்டுத்தான் மாத்தணும்.

அளவையும் ஃபார்முலாவுக்குள்ள எண்ணா எழுத விடாதீங்க. நம்ம ஊர் வீசை 1.633 கிலோ, 100 டிக்கல் ஒரு வீசை. வீசைங்கிற சொல்லே நம்ம தமிழ் அளவுல இருந்து வந்ததுதான், ஆனா பழைய சென்னை வீசை இதை விடக் குறைவு, பெரியவங்க சில பேரு அந்தக் கணக்கை இன்னும் மனசுல வச்சிருப்பாங்க. ஒருத்தர் 1.63னு எழுதுவாரு, இன்னொருத்தர் 1.6னு எழுதுவாரு, நூறு டன்ல அந்த வித்தியாசம் சின்னது இல்ல. "வீசை"ன்னு ஒரு பேரை நீங்களே பட்டியல்ல வச்சுடுங்க, மதிப்பு ஒரே இடத்துல இருக்கட்டும்.

லைப்ரரி கேட்டீங்க. பைத்தான்ல சிம்பிள்இவால் எடுத்துக்கலாம், நான் மேல சொன்ன ஏஎஸ்டி முறையிலதான் அதுவும் செய்யுது, அடுக்குக்கும் ஸ்டிரிங் நீளத்துக்கும் எல்லை வச்சிருக்கு, சின்ன ஃபைல், ஒரு மத்தியானத்துல முழுசா படிச்சுடலாம், படிச்சுட்டே போடுங்க. நம்எக்ஸ்பிரை இதுக்கு எடுக்காதீங்க, அது பெரிய எண் வரிசைக் கணக்கை வேகமா பண்றதுக்கு, உள்ளுக்குள்ள அதுவும் இவாலைத்தான் கூப்பிடுது. ஜாவான்னா இவால்எக்ஸ் பிக்டெசிமல்லயே கணக்குப் பண்ணும், டாட்நெட்ன்னா என்கால்க், சி மொழியில சின்ன மெஷின்னா டைனிஎக்ஸ்பிர், ஒரே ஒரு சி ஃபைலும் ஒரு ஹெடரும், எடை மெஷினுக்குள்ள கூட வச்சுடலாம், ஆனா அது டபுள்லதான், அதாவது மேல சொன்ன ஃப்ளோட் மாதிரியேதான், கணக்குப் பண்ணும், காசுக்கு அதை நம்பாதீங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல மேத்ஜேஎஸ் போட்டா அவங்க டாக்குமெண்ட்ல பாதுகாப்புன்னு ஒரு பக்கம் இருக்கு, இம்போர்ட், புது யூனிட் உண்டாக்குறது மாதிரி சில ஃபங்ஷனை மூடிட்டுத்தான் வெளியாளுக்குக் கொடுக்கணும்னு, அதைப் படிக்காம போடாதீங்க. எக்ஸ்பிர்-இவால்னு ஒரு பிரபலமான லைப்ரரி, பாதுகாப்பானதுன்னு நிறைய பேரு போட்டாங்க, 2025ல அதுலயே வேரியபிளா ஃபங்ஷனை உள்ள அனுப்பி கமாண்டு ஓட்டலாம்னு வெளியில வந்துச்சு. லைப்ரரி எதுவானாலும் அதுக்குள்ள நீங்க அனுப்புற வேரியபிள் வெறும் எண்ணா இருக்கட்டும், ஆப்ஜெக்ட்டை முழுசா தூக்கி உள்ள போடாதீங்க. பில் ஆப்ஜெக்ட்டையே கொடுத்துட்டா அதுல இருந்து டேட்டாபேஸ் கனெக்ஷன் வரைக்கும் போக வழி இருக்கும். ஃபார்முலாவை எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல செலக்ட்டுன்னு போட்டு விடை வாங்குறதைச் சில பேரு புத்திசாலித்தனம்னு நினைக்கிறாங்க, அதுக்குள்ள இன்னொரு செலக்ட் எழுதி அடுத்த வியாபாரியோட விலையைப் படிச்சுடலாம், வேணாம்.

கணக்கு மட்டும் இல்லாம பெரிய விதிகளே எழுதணும்னா கூகுளோட சிஈஎல்ங்கிற எக்ஸ்பிரஷன் மொழி இருக்கு, குபெர்னெட்டீஸ்ல (நிறைய சர்வரை நிர்வாகம் பண்ற சாஃப்ட்வேர்) 2022ல வந்த 1.25 வெர்ஷன்ல இருந்து ரூல் எழுதுறதுக்கு அதைத்தான் பரவலா உபயோகிக்கிறாங்க. ஓட்டுறதுக்கு முன்னாடியே ஒரு எக்ஸ்பிரஷன் எவ்வளவு செலவாகும்னு கணக்குப் போட்டு அதிகம்னா ஏத்துக்காது, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லூப்பே வேணும்னு நின்னா லுவா, 1993ல பிரேசில்ல உண்டானது, இன்னொரு புரோகிராமுக்குள்ள வைக்கிறதுக்குன்னே செஞ்ச மொழி. ஆனா அதுல ஃபைல், சிஸ்டம் மாட்யூலை எடுத்துட்டு, இத்தனை அடி ஓடினா நிறுத்துன்னு கவுன்ட் ஹுக் வச்சாலும், ஸ்டிரிங்கைத் திரும்பத் திரும்ப ஒட்டுற ஒரே ஒரு அழைப்பு மெமரியைத் தின்னுடும், அது சி மொழிக்குள்ள நடக்கிறதால ஹுக் அதைப் பாக்காது. மெமரிக்குத் தனி எல்லை வைக்கணும். முதல்ல உங்களுக்கு லூப் தேவையான்னு ரெண்டு நாள் யோசிங்க, என் அனுபவத்துல தேவை இல்ல, "எல்லா மூட்டையோட கூட்டல்"னு ஒரு ஃபங்ஷன் கொடுத்தா முடிஞ்சுடுது.

இதுவரைக்கும் சொன்னதுல எதை எவ்வளவு நம்பலாம்னும் சொல்லிடுறேன். இவாலை வேலி போட்டு காப்பாத்த முடியாதுங்கிறது, புள்ளியையும் லூப்பையும் எடுத்த சின்ன மொழி அந்த வகையான ஓட்டையை அடியோட இல்லாம பண்ணுதுங்கிறது, இது ரெண்டும் நிச்சயம். 500 எழுத்து, 30 ஆழம் இதெல்லாம் என் பழக்கம், உங்க வேலைக்கு மாத்திக்குங்க. நான் செஞ்சது எல்லாம் ஒரு கிட்டங்கிக்குள்ள, தெரிஞ்ச ஆளுங்க பத்து இருபது பேரு உபயோகிக்கிற சாஃப்ட்வேர். இன்டர்நெட்ல யாரு வேணா வந்து ஃபார்முலா எழுதலாம்னு திறந்து விடுற சர்வீஸை நான் நடத்தினது இல்ல, அதுக்கு என் பேச்சை மட்டும் நம்பிப் போகாதீங்க. அங்க இந்தச் சின்ன மொழியையும் தனி பிராசஸ்ல, மெமரிக்கும் நேரத்துக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் அளவுலயே எல்லை வச்சு, நெட்வொர்க் இல்லாம ஓட்டி, பாதுகாப்பு சோதனை பண்ற ஆளு ஒருத்தரை வச்சு உடைச்சுப் பாக்கச் சொல்லணும்.

ஃபார்முலாவை சேவ் பண்ணும்போதே பார்ஸ் பண்ணிப் பாருங்க, பில் போடுற நேரத்துல போய் எரர் காட்டாதீங்க. சேவ் பட்டனுக்கு மேலேயே நேத்து போட்ட அஞ்சு பில்லை எடுத்து பழைய ஃபார்முலாவுல என்ன வந்துச்சு, புதுசுல என்ன வருதுன்னு பக்கத்துல பக்கத்துல காட்டுங்க, முதலாளி தன் தப்பைத் தானே பாத்து நிறுத்திக்குவாரு, எங்க கிட்டங்கிகள்ல அதிகம் தப்பைப் பிடிச்சது அந்த அஞ்சு வரிதான். பழைய ஃபார்முலாவை அழிக்காம தேதியோட வைங்க, ஒவ்வொரு பில்லுலயும் எந்த ஃபார்முலாவுல போட்டதுன்னு அந்த நம்பர் இருக்கணும். ஆறு மாசம் கழிச்சு விவசாயி ஒருத்தரு பில்லைத் தூக்கிக்கிட்டு வந்து "ஈரத்துக்கு ஏன் இவ்வளவு கழிச்சீங்க"ன்னு கேட்டா அன்னிக்கு இருந்த கணக்கை அப்படியே திரும்பப் போட்டுக் காட்டணும்.

மாத்துறதை ஒரே நாள்ல பண்ணாதீங்க. உங்க டேட்டாபேஸ்ல இப்ப இருக்கிற ஃபார்முலா எல்லாத்தையும் வெளிய எடுங்க, போன வருஷத்து பில் எல்லாத்தையும் பழைய இவால்லயும் புது மொழியிலயும் ரெண்டு தடவை ஓட்டுங்க, ராத்திரியில, ஜெனரேட்டர் ஓடுற நேரமாப் பாத்து. பெரும்பாலும் ஒண்ணாத்தான் வரும். வித்தியாசம் வர்றதைத் தனியா பிரிண்ட் எடுங்க: ஒரு கியாட் வித்தியாசம்னா ரவுண்டு, பெருசா வந்தா சதவீதக் குறியைப் பாருங்க, புதுசுல படிக்கவே மாட்டேங்குதுன்னா அந்த ஃபார்முலாவுல புள்ளியோ அடுக்கோ இருக்கும், அதை எழுதினது யாருன்னு பாத்தா அநேகமா நீங்களேதான் அவசரத்துக்கு எழுதியிருப்பீங்க. அந்தத் தாளை முதலாளி கிட்ட கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் எது சரின்னு அவரையே டிக் பண்ணச் சொல்லுங்க, டிக் வாங்கினப்புறம் இவாலை எடுங்க. நடுவுல எங்கயாவது நின்னா அந்த ஃபார்முலாவை இங்க போடுங்க தம்பி, சேர்ந்து பாக்கலாம்.